களை இருக்கும் வரை

பெரகல,
03.03.2024

அன்பின் துஷாந்தினிக்கு,

நான் நலம், நீ நலமா என்று தொடங்கினால் சிரிப்பாய். பள்ளிக்கூடத்தில் இந்த ஒரு வரிக்காகத்தானே நாம் இருவரும் கடிதப் பாடத்தில் புள்ளி வாங்கினோம். ஆனாலும் கேட்கிறேன், நலமா? கார்த்திகையில் மண் சரிந்ததற்குப் பிறகு நீ என் அழைப்பை எடுக்கவே இல்லை. "போனை எடுத்தா எல்லாரும் அம்மாவோட கருமாதியப் பத்தியே பேசுறாங்க, எதுனாலும் எழுதச் சொல்லு" என்று உன் தம்பி சுரேஸிடம் சொல்லியிருந்தாயாம். எழுதிவிட்டேன். கருமாதி பற்றி ஒரு சொல்லும் எழுத மாட்டேன், பயப்படாதே.

வாப்பா மௌத்தானதிலிருந்து பூட்டிக் கிடந்த வீட்டுக்கு நாங்கள் குடிவந்துவிட்டோம். சந்தியில் இருக்கும் வாப்பாவின் கடையை இப்போது என் வீட்டுக்காரர் ஸனூஸ்தான் பார்க்கிறார். குசினி ஜன்னலைத் திறந்தால் தேயிலைத் தோட்டத்தின் மேல்கணக்கு லயங்கள், உங்கள் வீடு உட்பட, இருந்த மலை தெரிகிறது. மண் சரிந்த இடம் இன்னும் பச்சை பிடிக்காமல் மஞ்சளாகவே இருக்கிறது. மண்ணுக்குள்ளிருந்து எல்லோரையும் எடுத்தார்கள், உன் அம்மாவை மட்டும் எடுக்காமலே தேடுவதை நிறுத்திவிட்டார்கள். அதனால் அந்த ஜன்னலை நான் அதிகம் திறப்பதில்லை.

இப்போது தோட்டம்தான் தலைவலி. ஞாயிற்றுக்கிழமைகளில் உன் அம்மா, என் மாரியாயிம்மா, வந்து துடைத்து வைத்தது போல வைத்திருந்த தோட்டத்தில் இடுப்பளவு புல். இலுக்கு, கோரை, தொட்டாச்சுருங்கி, எல்லாம் குடும்பத்தோடு குடியேறிவிட்டன. ஸனூஸ், "கடைல மருந்து ஈக்குது புள்ள, ஒரு டேங்க் அடிச்சா கருகிடும்" என்கிறார். மகள் றுஸைனா தவழ்ந்து கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் போடுகிற பருவம். கிணறும் தோட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. நான் விடுவேனா? "என் கடை மருந்த என் ஊட்லயே நம்ப மாட்டேங்கிறாளே" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

மருந்தில்லாமல் உன் அம்மா எப்படிச் சமாளித்தாள் என்று எழுது. நோன்பு வரப்போகிறது, அதற்குள் ஒரு பக்கமாவது துப்புரவாக்க வேண்டும்.

உன்,
முஷ்ரிபா


ஜோர்தான்,
30.03.2024

அன்புள்ள முஷ்ரிபா,

உன் கடிதத்தை விடுதிக் காவலாளி கையில் தந்தபோது, ஏதோ அரசாங்கத் தாள் என்று பயந்துவிட்டேன். யாரடி இந்தக் காலத்தில் முத்திரை ஒட்டுகிறார்கள்? ஆனால் தையல் மிஷினுக்கு அடியில் வைத்துக்கொண்டு நாலைந்து தடவை படித்தேன். றுஸைனாவுக்கு என் முத்தம். ஸனூஸ் அண்ணனிடம் சொல், மாரியாயி மகள் மருந்து டேங்கை ஒளித்துவைக்கச் சொன்னாள் என்று.

அம்மா செய்ததைச் சொல்கிறேன். மழை விட்ட மறுநாள் பிடுங்க வேண்டும். இலையைப் பிடித்து இழுக்காதே, மண்ணோடு ஒட்டிய கழுத்தைப் பிடித்து மெல்லத் திருகு. வேர் அறாமல் வர வேண்டும். மண்ணை நன்றாக உதறி, துணி துவைக்கிற கல்லின் மேல் வேர் வானத்தைப் பார்க்க அடுக்கிவிடு. மண்ணில் போட்டால் மறுபடி பிடித்துக்கொள்ளும். பூக்கிறதற்கு முன்னால் பிடுங்கிவிடு. நடைபாதை வெடிப்புகளில் கொதிநீர் ஊற்று. இலுக்குக்கு மட்டும் பொறுமை வேண்டும், முளைக்க முளைக்க வெட்டிக்கொண்டே இருந்தால் கிழங்கு களைத்துப்போகும். எல்லாம் முடிந்தபின் நிலத்தை வெறுமையாக விடாதே. கடையில் அட்டைப்பெட்டி இருக்கும், பிரித்து, ஒட்டுத் தாளைக் கழற்றி, நனைத்துப் பரப்பி, மேலே மலையில் அறுக்கிற மானாப் புல்லைக் கனமாகப் போடு. வெளிச்சம் படாத இடத்தில் களை வராது. அம்மாவுக்கு அது அவ்வளவாகப் பிடிக்காது. "அப்புறம் எனக்கு என்னா வேல?" என்று கேட்பாள்.

கருமாதி பற்றி எழுத மாட்டேன் என்று எழுதினாயே, அதற்கு நன்றி. உடம்பைக் காட்டாமல் என் அம்மாவுக்கு யாரும் காரியம் செய்யக் கூடாது. அவள் எங்கேயோ இருக்கிறாள். எனக்குத் தெரியும்.

அன்புடன்,
துஷா


பெரகல,
28.04.2024

அன்பின் துஷா,

பெருநாள் நன்றாகப் போனது. உனக்கென்று வட்டிலப்பம் எடுத்துவைத்து, பிறகு நானே தின்றேன்.

இதை எழுதுவதா வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன். நீ சொன்ன முறையில் கொய்யா மரத்தடியில் தொடங்கினேன். எனக்கு ஒரு பாத்தி முடிப்பதற்குள் முதுகு முறிந்துவிட்டது. மிச்சத்தை விட்டுவிட்டு வந்து படுத்தேன். காலையில் பார்த்தால் அடுத்த பாத்தி துப்புரவாக இருக்கிறது. பிடுங்கிய களை துவைக்கிற கல்லின் மேல் வரிசையாக, வேர் மேலே பார்க்க அடுக்கியிருந்தது. ஒரு வேரும் அறவில்லை. மண் ஒட்டியிருக்கவில்லை.

ஸனூஸ் செய்யவில்லை. அவருக்குக் கோரைக்கும் கொத்தமல்லிக்கும் வித்தியாசம் தெரியாது. கீழ்கணக்கு லயங்களிலிருந்து யாராவது வந்தார்களோ என்று கேட்டேன், யாரும் இல்லை. கேற்றில் சங்கிலி போட்டபடி இருக்கிறது. நாய் குரைக்கவும் இல்லை, அது அந்தப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் ஒரு துண்டு நிலம் துப்புரவாகிறது. வல்லாரையை மட்டும் பிடுங்காமல் சுற்றிவர விட்டிருக்கிறது.

ஸனூஸ், "ஜின் வேல, லெப்பையக் கூப்புட்டு ஓதிப் பாப்பம்" என்றார். சம்பளம் கேட்காத ஜின்னை ஏன் விரட்ட வேண்டும் என்று பகடி பண்ணினேன். ஆனால் பகடி பண்ணிவிட்டுக் குசினிக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது துஷா.

உன்,
முஷ்ரிபா


ஜோர்தான்,
22.05.2024

என் தங்கமே முஷ்ரிபா,

அது அம்மா. அம்மாவேதான்! வல்லாரையை விட்டிருக்கிறாள் என்று படித்ததும் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்றுவிட்டேன். சூப்பர்வைசர் ஏசினான், ஏசட்டும். உன் உம்மா வல்லாரைச் சம்பல் விரும்பித் தின்பார் என்று அதை அவள் தொடவே மாட்டாள். இது வேறு யாருக்குத் தெரியும்?

அன்றைக்கு மண் வந்தபோது தலையில் அடிபட்டிருக்கும். நினைவு தப்பி, காட்டுக்குள் எங்கேயோ ஒதுங்கியிருக்கிறாள். பேர் மறந்திருக்கும், என்னை மறந்திருக்கும், வேலை மட்டும் மறக்கவில்லை. அதனால்தான் ஆள் கண்ணில் படாமல் வந்து போகிறாள். நான் சொன்னேனே, யார் நம்பினீர்கள்?

உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன். அட்டையைப் பரப்பிவிடாதே. நீயும் பிடுங்காதே. களை தீர்ந்துவிட்டால் அவள் வர மாட்டாள். வேலை இல்லாத இடத்துக்கு அம்மா போய் நான் பார்த்ததே இல்லை. நான் வயசுக்கு வந்த சடங்கன்றுகூடப் பந்தலுக்குப் பின்னால் குந்தியிருந்து புல் பிடுங்கினவள் அவள். களை இருக்கட்டும். மார்கழியில் என் ஒப்பந்தம் முடிகிறது. அதுவரை அவளை அங்கேயே வைத்திரு, நான் வந்து கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

கல்லுக்குப் பக்கத்தில் தேத்தண்ணியும் ரொட்டியும் வை. சீனி கலக்காதே, கையில் கடித்துக்கொள்ளக் கருப்பட்டி வை.

உன்,
துஷா


பெரகல,
18.06.2024

அன்பின் துஷா,

நீ சொன்னபடியே விட்டிருக்கிறேன். தேத்தண்ணியும் வைக்கிறேன். அது அப்படியே ஆறிக் கிடக்கிறது. கருப்பட்டிக்கு எறும்புகூட வருவதில்லை.

உன்னிடம் மறைத்தால் எனக்குத் தூக்கம் வராது. போன வாரம் விடியலில் சுபஹு தொழுதுவிட்டு அந்த ஜன்னலைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றேன். பனி முற்றத்தில் இறங்கியிருந்தது, ஆனால் கொய்யா மரம் வரை தெரிந்தது. புல் ஒவ்வொன்றாகச் சாய்ந்தது. சாய்ந்தது மெல்லத் திரும்பி, மண்ணை விட்டு எழும்பி வந்தது. உதறுகிற சத்தம் கேட்டது. பிறகு அது கல் இருக்கும் பக்கமாகப் போனது. பிடித்திருந்த கையை நான் பார்க்கவில்லை துஷா. ஆள் இல்லை. வரிசை பிசகாமல் அடுத்தது, அதற்கடுத்தது என்று போய்க்கொண்டே இருந்தது.

வெயில் ஏறியபின் போய்ப் பார்த்தேன். எங்கள் தோட்டத்து மண் கறுப்பு. கல்லில் ஈரமாகப் பதிந்திருந்தது மஞ்சள் களிமண். நான் ஜன்னலில் பார்க்கிற அதே மஞ்சள்.

உன் அம்மா உயிரோடு இல்லை. இதை என் வாயால் சொல்ல வேண்டி வந்ததே என்று அழுதுகொண்டுதான் எழுதுகிறேன். ஆனாலும் களையை எடுக்க மாட்டேன், பயப்படாதே. எங்கள் மையவாடியில் கபுறின் மேல் முளைக்கிற பச்சையை யாரும் பிடுங்குவதில்லை. அது வாடாமல் இருக்கும் வரை இறைவனைத் துதிக்கும், உள்ளே கிடப்பவருக்கு அது இலேசாக இருக்கும் என்று வாப்பா சொல்வார். உன் அம்மாவுக்குக் கபுறும் இல்லை, பச்சையும் இல்லை. இந்தத் தோட்டத்துப் பச்சையாவது அவளுக்கு இருக்கட்டும் என்று நினைத்துக்கொள்கிறேன். அப்படி நினைத்ததும் என் பயம் பாதி போய்விட்டது.

உன்,
முஷ்ரிபா


ஜோர்தான்,
09.07.2024

முஷ்ரிபா,

பனியில் உனக்குக் கண் தெரியவில்லை. பள்ளிக்கூடத்திலேயே கரும்பலகை தெரியாமல் என் கொப்பியைப் பார்த்து எழுதினவள் நீ. போய்க் கண்ணாடி போடு.

என் அம்மா இல்லை என்று இனி ஒரு தடவை எழுதினால் உன் கடிதத்தைப் பிரிக்க மாட்டேன். சுரேஸ் சொல்லட்டும், கங்காணி சொல்லட்டும், நீ சொல்லாதே. எனக்கு அங்கே இருப்பது நீ ஒருத்திதான்.

காற்றுக் காலம் தொடங்கியிருக்கும், புல் காயும். கிணற்றுத் தண்ணீர் ஊற்று. மாட்டெருவும் போடு. களை மட்டும் குறையக் கூடாது.

துஷா


பெரகல,
05.08.2024

அன்பின் துஷா,

இந்தக் கடிதத்தைப் பிரிக்காமல் போட்டுவிடாதே. ஒரே ஒரு தடவை படி.

நீ சொன்னபடி தண்ணீர் ஊற்றினேன், எருவும் போட்டேன். களைக்கு எரு போட்ட முதல் பொம்பிளை நானாகத்தான் இருப்பேன். ஸனூஸ் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பெரகலையிலிருந்து அப்புத்தளை வரை காற்றில் புல்லெல்லாம் காய்ந்து கிடக்கிறது. எங்கள் வேலிக்குள் மட்டும் கழுத்தளவு பச்சை. காலையில் பிடுங்கிய பாத்தியில் அந்திக்குள் மறுபடி முளை தெரிந்தது. அவள் முன்பு விடியலில் ஒரு துண்டுதான் செய்வாள். இப்போது காலையிலிருந்து பொழுது சாயும் வரை தோட்டம் அசைந்துகொண்டே இருக்கிறது. ஒரு பக்கம் முடிக்குமுன் மறுபக்கம் வளர்ந்துவிடுகிறது.

பிறகு வேர் அறத் தொடங்கியது. கல்லில் கிடக்கிற களையைப் பார்த்தேன், பாதி நடுவிலேயே முறிந்திருந்தது. மண் உதறாமல் கிடந்தது. வரிசையும் இல்லை, வாரிப் போட்டது போல இருந்தது. மாரியாயிம்மா வேர் அறுத்துப் பார்த்திருக்கிறாயா நீ? அவள் கைக்குப் பலம் இல்லை. தண்டிலெல்லாம் பழுப்புச் சிவப்பாக ஏதோ காய்ந்திருந்தது. அது களிமண் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மனம் பொறுக்காமல் வியாழக்கிழமை பகலில் நானும் இறங்கினேன். அவள் ஒரு நிரையில், நான் அடுத்த நிரையில். எனக்குப் பக்கத்தில் புல் சாய்ந்தது, நின்றது, மறுபடி சாய்ந்தது. குனிந்து நிமிர்கிறவர்களுக்கு மூச்சு வாங்குமே, அது கேட்டது. நான் அழுதுகொண்டே பிடுங்கினேன். நிரை முடிகிற இடத்தில், என் காதுக்குப் பக்கத்தில், உன் அம்மாவின் குரல் கேட்டது.

"இன்னும் எவ்வளவு கெடக்கு, பாப்பா?"

அவ்வளவுதான் கேட்டாள். என்னை அவள் பாப்பா என்று கூப்பிடுவது உனக்குத் தெரியும். முறைப்பாடு மாதிரிக் கேட்கவில்லை. வேலை முடிந்தால் போகலாமா என்று கேட்கிறவர்கள் மாதிரிக் கேட்டாள்.

துஷா, நாம் இரண்டு பேரும் என்ன செய்திருக்கிறோம் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. பச்சை இருந்தால் கிடப்பவருக்கு இலேசு என்று நான் நினைத்தேன். அது எங்கள் ஆட்களுக்கு. உன் அம்மாவுக்குப் பச்சை என்றால் வேலை. விடிய, வேலைக்கு ஆள் எடுக்கிற பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து, பொழுது சாயும் வரை மலையில் நின்று, ஞாயிற்றுக்கிழமையும் எங்கள் வீட்டில் குனிந்தவள். மண் மூடிய பிறகாவது படுத்திருக்க வேண்டியவளைக் களை வளர்த்து, எரு போட்டு, தண்ணீர் ஊற்றி எழுப்பி வைத்திருக்கிறோம். நீ அன்பால் செய்தாய், நானும் அன்பால்தான் செய்தேன். அவள் கைதான் புண்ணாகியிருக்கிறது.

"நாளைக்கு ஒண்ணுமே கெடக்காது மாரியாயிம்மா, நாளைக்குப் பெரட்டு இல்ல" என்றேன். அவள் கேட்கிற பாஷையில் சொன்னேன்.

உன்னிடம் கேட்டால் வேண்டாம் என்பாய். அதனால் கேட்கவில்லை. ஸனூஸ் அன்று பின்னேரமே கடையைப் பூட்டிவிட்டு, இருந்த அட்டைப்பெட்டியெல்லாம் லொறியில் கொண்டுவந்தார். இருவருமாகப் புல்லை அடியோடு வெட்டிச் சாய்த்தோம். நனைத்த அட்டையை ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி வேலியிலிருந்து வேலி வரை பரப்பினோம். கீழ்கணக்கு ஆட்கள் மானாப் புல் அறுத்துத் தந்தார்கள். யாருக்கு என்று நான் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. ஒரு விரல் நுழைகிற இடம்கூட மண் தெரியாமல் மூடினோம். ஒரு சொட்டு மருந்தும் அடிக்கவில்லை.

காலையில் போய்ப் பார்த்தேன். கல்லின் மேல் ஒன்றும் இல்லை. புல் எங்கேயும் கலைந்திருக்கவில்லை. கொய்யா மரத்தடியில் மட்டும், மானாப் புல்லில் ஒரு பள்ளம் இருந்தது. ஒருக்களித்து, முழங்காலை மடக்கி, கையைத் தலைக்கு வைத்து ஓர் ஆள் படுத்த அளவுக்கு. தொட்டுப் பார்த்தேன், சுற்றிலும் பனி ஈரம், பள்ளத்தில் மட்டும் காய்ந்திருந்தது. அதற்குப் பிறகு ஒரு புல்லும் அசையவில்லை. நாய் இப்போது அந்தப் பக்கம் போய் வெயில் காய்கிறது.

அம்மா இருக்கிறாள் என்ற நம்பிக்கையை உன்னிடமிருந்து பிடுங்கியது நான்தான். ஏசி எழுது, என்ன வேண்டுமானாலும் எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன்,
முஷ்ரிபா


ஜோர்தான்,
01.09.2024

முஷ்ரிபா,

உன் கடிதம் வந்து பல நாள். உன்னை ஏசினேன். விடுதியில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஏசினேன். ஸனூஸ் அண்ணனையும் சேர்த்து ஏசினேன். பிறகு குளியலறைக்குள் போய்ப் பைப்பைத் திறந்துவிட்டு, கார்த்திகையிலிருந்து அழாததையெல்லாம் அழுதேன்.

என் அம்மா படுத்து நான் பார்த்ததே இல்லை முஷ்ரிபா. நான் கண் விழிக்கும்போது அவள் எழுந்திருப்பாள், நான் தூங்கும்போது அடுப்படியில் இருப்பாள். அவள் ஒருக்களித்துப் படுப்பாள், கையைத் தலைக்கு வைத்துக்கொள்வாள் என்று நீ எழுதித்தான் எனக்குத் தெரியும்.

நேற்று சுரேஸின் அழைப்பை எடுத்தேன். கருமாதிக்கு நாள் பார்க்கச் சொல்லிவிட்டேன். எனக்கு லீவு கிடைக்காது. நான் நிற்க வேண்டிய இடத்தில் நீ போய் நில். உங்கள் மார்க்கத்தில் கூடாது என்றால் தள்ளியாவது நில்.

மானாப் புல் கொஞ்ச நாளில் அமுங்கி இளைத்துவிடும். மழை தொடங்குமுன் இன்னும் ஒரு தட்டு போடு. கொய்யா மரத்தடியில் கொஞ்சம் கனமாகவே போடு. மலைக் குளிர் அம்மாவுக்கு ஆகாது.

துஷா